சனிக்கிழமை முழங்கால் வலி

ஆவுடைத்தாய்க்கு முழங்கால் வலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பரளச்சியில் பாதிப் பேர் அவளுக்கு முழங்கால் வலி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பியவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் நல்லகண்ணு.

அவர்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்த வருஷம் உளுந்தும் மக்காச்சோளமும் வரும். பெய்யாத வருஷம் கருவேலமுள்தான். ஒரு வருஷத்து வெள்ளாமையை இரண்டு வருஷத்துக்கு இழுத்துப் பிடித்துச் சாப்பிடத் தெரியாதவர்களுக்கு இந்தப் பக்கம் சரிப்பட்டு வராது. ஆவுடைத்தாய்க்குத் தெரியும். தேய்ந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள். வடிகஞ்சி ஆட்டுக்கு, அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. கேஸ் சிலிண்டர் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் பற்றும். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்கிறவர்கள் இரண்டு வருஷம் இங்கே வந்து விதைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நல்லகண்ணுவுக்கு ஒரே ஒரு சுகம் உண்டு. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருக்கும் மூக்கம்மாள் கடையில் ஒரு டீ. டிகாக்‌ஷன் தூக்கல், சீனி தூக்கல். ஒரு கிளாஸை அரை மணி நேரம் குடிப்பார். ஆவுடைத்தாய்க்கு அப்படி ஒன்றும் இல்லாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பிறகு பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆனது.

ஒரு சனிக்கிழமை ரேஷன் கார்டில் பேர் திருத்த அருப்புக்கோட்டைக்குப் போனாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முகத்தில் காற்று அடித்தது. கரிசல் காடும் கண்மாயும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, எடு என்றோ வை என்றோ சொல்லவில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போகத் தோன்றியது. ஆனால் ஆம்பளை சும்மா டவுனுக்குப் போகலாம். பொம்பளை பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஏதாவது சோலி இருக்க வேண்டும். நின்றவுடனே மூக்கம்மாள் கேட்டுவிட்டாள்.

"என்ன மதினி, டவுனுக்கா? என்ன சோலி?"

"முழங்காலு வலிக்குது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்."

வாயில் அதுதான் வந்தது. வந்த பொய்யை மாற்ற முடியுமா? வீட்டிலும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. மாத்திரை எங்கே என்று நல்லகண்ணு கேட்டால், ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பாள்.

அப்படிச் சனிக்கிழமைகள் நடந்தன. டவுனில் இறங்கி, பூ மார்க்கெட்டுக்குள் ஒரு முறை நடப்பாள். ஜவுளிக்கடைக் கதவு திறந்து மூடும்போது வெளியே வரும் ஏசிக் குளிரை வாசலில் நின்று கொஞ்சம் வாங்கிக்கொள்வாள். ஒரு கிளாஸ் பருத்திப்பால். காராச்சேவு நூறு கிராம். திரும்பும் பஸ்ஸில் சேவை ஒவ்வொன்றாகக் கடித்து, ஊருக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டு, காகிதத்தை ஜன்னல் வழியே விட்டுவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் சேவுப் பொட்டலத்தோடு வரலாமா?

வீட்டில் நொண்ட வேண்டியிருந்தது. அதில்தான் தப்பு நடந்தது. எந்தக் கால் என்று அவளுக்கு ஞாபகம் நிற்பதில்லை. ஒரு வாரம் இடது காலை நொண்டுவாள், அடுத்த வாரம் வலது கால். வேலை அவசரத்தில் இரண்டையும் மறந்து ஓடுவாள். நல்லகண்ணு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசிக்கு மேல்தான் மழை என்றாலும் புரட்டாசியில் உழுது போட வேண்டும். அதற்காக ஒரு கிடாய் வளர்த்துவந்தார்கள். டிராக்டர் வாடகையும் விதையும் அந்தக் கிடாய்தான். ஆவணி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, பஸ்ஸுக்கு நின்றபோது மூக்கம்மாள் கேட்டாள்.

"அண்ணனுக்கு எங்க கடை மேல என்ன கோவம் மதினி? வந்து ஒரு மாசமாச்சு."

"டீ குடிக்க வரலையா?"

"நீங்கதான் கேக்கணும். 'அவ வைத்தியத்துக்குச் சேக்குறேன், டீ எதுக்கு'ன்னுட்டுப் போயிட்டாரு."

அன்றைக்கு ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றும் பார்க்கவில்லை. சேவு வாயில் மண்ணாக இருந்தது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று வந்தாள். வாய் வரவில்லை. சொன்னால் சனிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் டீயில்லாமல் கிடப்பார். நான்கு நாள் இரண்டுக்கும் நடுவில் கிடந்து புழுங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் விறகுக் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு டிவிஎஸ் நின்றது. வீரசோழன் ஊரிலிருந்து வந்த ஆட்டு வியாபாரி சின்ன மீரான், கிடாயின் முதுகைத் தடவி, தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, ரெண்டு காலும் போச்சுன்னு மச்சான் சொன்னாரு. நீ வெறகுக் கட்டோட பறந்து வாரே?"

"வலியோட வலியா வேல பாக்குறா. என்ன செய்யச் சொல்லுற?" என்றார் நல்லகண்ணு. "மொத எடது காலு. இப்ப வலதுலயும் எறங்கிருச்சு. மதுரையில காமிச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்."

"புரட்டாசி ஒழவுக்கு என்ன செய்வீக?" என்றாள் அவள்.

"ஒழவு கெடக்குது, விடு. காலு முக்கியமா, காடு முக்கியமா?"

விறகுக் கட்டு தலையிலிருந்து தானாக விழுந்தது. ஆவுடைத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு வலியும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. நான் ஆஸ்பத்திரிக்கே போகல."

"பெறகு வாரா வாரம் எங்க போன?"

"சும்மா. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து போயி, பருத்திப்பால் குடிச்சி, சேவு தின்னுட்டு வருவேன். வேற ஒண்ணுமில்ல. சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

சின்ன மீரான் கிடாயை மெல்லக் கீழே விட்டார். "கெடா இன்னும் கொஞ்சம் வளரட்டும் மச்சான்," என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். தெருமுனை போகும் வரை சிரிக்கவில்லை.

நல்லகண்ணு கிடாயைக் கொண்டுபோய்க் கட்டினார். திட்டவில்லை, பேசவும் இல்லை. சாயங்காலம் மூக்கம்மாள் கடைக்குப் போய் இரண்டு டீ குடித்ததாக அவளுக்குச் செய்தி வந்தது. இவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதுதான் முதல் வார்த்தை வந்தது.

"அந்தச் சேவுல எனக்கும் ரெண்டு கொண்டாந்திருக்கலாம்ல?"

 

சனிக்கிழமை காலையில் அவள் பழைய சேலையோடு தொழுவம் கூட்டிக்கொண்டிருந்தாள். இனி அந்தப் பஸ் இல்லை என்று மனதைத் தேற்றியாகிவிட்டது. நல்லகண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன, இன்னும் கெளம்பலையா?"

"எங்க?"

"முழங்காலு வலிக்கு."

பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றபோது மூக்கம்மாள் டீ ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமா கெளம்பிட்டீக, என்ன சோலி?"

ஆவுடைத்தாயின் கை தானாக முழங்காலுக்குப் போனது. நல்லகண்ணு முந்திக்கொண்டார்.

"ஒரு சோலியும் இல்ல தாயி," என்றார், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "சும்மா போறோம்."

பஸ் வந்தது. டிக்கெட் அவருக்கு மட்டும்தான், அதற்கு டவுன் வரைக்கும் முனகினார். ஜன்னலோரத்திலும் அவரேதான் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும்போது கட்டாயம் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று ஆவுடைத்தாய் நினைத்துக்கொண்டாள்.