உப்புத்தாளால் உரசிய எண்

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு என் தங்கை போன் செய்தாள். பெட்டி கத்தவில்லை என்றாள்.

"கத்தலன்னா?"

"நேத்து எங்க வீட்டுக்காரவுக கரையில வச்சு இன்சினை ஓட்டிப் பாத்திருக்காவ. காத்தை முழுசா இறக்கி விட்டும் சத்தமே இல்லையாம். கடையில காட்டலாமான்னு கேக்காவ."

"ஏளா, எந்தக் கடையில?"

இப்போது அப்படி ஒரு கடை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வள்ளம் கடலுக்குப் போகிறது என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு நாளாக அடித்த வாடைக்காற்று அடங்கி, தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. தெளிந்த தண்ணீருக்காகத்தான் சங்கு குளிப்பவர்கள் காத்திருப்பார்கள். தெளிந்த பிறகு அவர்களை யாரும் நிறுத்த முடியாது.

தங்கையின் கணவர் சங்கு குளிப்பவர். வள்ளத்தில் ஒரு காற்றுக் கம்ப்ரசர் இருக்கிறது. படகின் இன்சினிலிருந்து பெல்ட் போட்டு அதை ஓட்டுகிறார்கள். அதிலிருந்து நீண்ட குழாய்கள் வழியாகக் கீழே இருப்பவர்களின் வாய்க்குக் காற்று போகிறது. பெல்ட் நழுவினாலோ அறுந்தாலோ, தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றுதான் அவர்களுக்கு. டிரைவர் படகின் முன்பக்கம் அணியத்தில் வேறு வேலையாக இருந்தால், இன்சின் சத்தத்தில் அது தெரியவே தெரியாது. காற்றின் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் சைரன் அடிக்கும் ஒரு பெட்டியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்தான் செய்து கொடுத்தேன்.

அதை ஏன் செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கீழே இறங்குகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சினன் என்பார்கள். தன் உடன்பிறந்தவளின் தாலிக்கு அவனைவிடப் பயப்படுகிறவன் யார்? பழைய பயணிகளின் குறிப்புகளில் இதைத் தேடியிருக்கிறேன். சிலவற்றில் கயிறு பிடிப்பவன் வெறும் கூலியாள். எல்லாப் படகிலும் அப்படித்தான் நடந்தது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரமே, கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கிற வேலைக்கு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் காகிதம் பார்ப்பவன். ஒரே ஒரு நாள் போனேன். கரை மறைவதற்குள் வாந்தி எடுத்தேன். அன்று பார்த்த ஆழத்தின் நிறம் பல மாதம் கண்ணிலேயே நின்றது. பிறகு மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் உதிரிபாகக் கடைக்குப் போய், அந்தப் பெட்டியைக் கட்டி முடித்தேன். என் இடத்தில் பெட்டி உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் பாராட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும், "மச்சான் நல்லாத்தான் தப்பிச்சீரு" என்றார்.

புதன் மாலை தங்கை கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்தேன். சைரன் நன்றாக இருந்தது. மின்சாரம் வந்தது. நடுவில் இருந்த எட்டுக்கால் ஐசி ஒன்றுதான் செத்திருந்தது. உப்புக் காற்று ஏறாமலிருக்க மற்ற எல்லாவற்றையும் பசை ஊற்றி மூடியிருந்தேன். அந்த ஐசியை மட்டும், கெட்டால் பிடுங்கி மாற்றலாம் என்று சாக்கெட்டில் வெளியே விட்டிருந்தேன். அவ்வளவு முன்யோசனை. பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் எண் இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

உப்புத்தாள் வைத்து நானே உரசியிருந்தேன்.

அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் எல்லோரும் செய்ததுதான் அது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான்கு உதிரிபாகக் கடைகள் இருந்தன. சனிக்கிழமை மாலைகளில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள், டிவி பழுது பார்ப்பவர்கள், கல்லூரி ஆய்வக உதவியாளர் ஒருவர், நான் என்று கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கை ஊன்றி நிற்போம். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்று ஐசியின் எண்ணை அழித்துவிடுவது வழக்கம். நானும் அழித்தேன். நாட்குறிப்பைப் புரட்டினேன். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, கடையில் யார் யார், என்ன காற்று, எல்லாம் இருந்தது. "ஐசி ஒன்று கிடைத்தது, பொருத்தினேன், வேலை செய்கிறது" என்றும் இருந்தது. எண்ணை எழுதவில்லை. என் நோட்டைக்கூட நம்பவில்லை போலிருக்கிறது.

வியாழன் அரை நாள் விடுப்பு போட்டுத் தெருவுக்குப் போனேன். அங்கே கடைகள் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொன்றும் மூடிய கிழமையை எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் கால் போனது. முதல் கடையில் செல்போன் உறை தொங்கியது. இரண்டாவதில் கண்காணிப்புக் கேமரா மாட்டித் தருகிறார்கள். மூன்றாவதில் ஷட்டர். நான்காவது கடை, நான் வாங்கிய கடை, ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு மாதம் திறந்திருந்து மூடியது. அங்கே இப்போது பிரியாணி. கேமரா கடைக்காரரிடம் ஐசியைக் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பல்லைக் குத்திய குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி, பூச்சியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து தெருவை மேலும் கீழுமாக மூன்று முறை நடந்தேன்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி. பஸ்ஸில் உட்கார முடியாமல் பாதி வழி படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே போனேன். அங்கே ஒரு கடை இன்னும் இருக்கிறது. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்பர் சொல்லுங்க சார்" என்றார்.

"நம்பர் இல்லம்மா. எட்டுக்கால். ரெண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டுப் பாக்கும்."

"நம்பர் அடிச்சாத்தான் சார் இருக்கா இல்லையான்னு காட்டும். காலேஜ் புராஜெக்ட் கிட்டுன்னா நிறைய இருக்கு, குடுக்கவா?"

கிட்டை வைத்துப் புதிதாக ஒரு பெட்டி கட்ட எனக்கு ஒரு நாள் போதும். அதை நம்பி ஓர் ஆளைக் கடலுக்குள் இறக்கப் பல வாரம் வேண்டும். பழைய பெட்டியை நான் மூன்று மாதம் கரையில் வைத்துச் சோதித்த பிறகுதான் வள்ளத்தில் ஏற்றினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை தங்கை என் வீட்டு வாசலிலேயே நின்றாள். "ரெடியா?" என்றாள். நாளைக்கு என்றேன். "நாளைக்கு நாளைக்குன்னா கடல் நிக்குமா? பெட்டி இல்லாமலே போவேங்காவ அவுக. கேட்டா, பன்னெண்டு வருசத்துல எத்தன வாட்டி கத்திருக்குன்னு திருப்பிக் கேக்காவ."

மூன்று முறை கத்தியிருக்கிறது. மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று பொய், தண்ணீர் தெறித்து அடித்தது. மற்ற இரண்டும் பொய்யல்ல.

சனிக்கிழமை உடன்குடிக்குப் பஸ் ஏறினேன். நான்காவது கடைக்காரர் கடையை மூடிய பிறகு சொந்த ஊருக்குப் போய் அண்ணனோடு கருப்பட்டி வியாபாரம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டதும் கை காட்டினார்கள். ஓலைக் கொட்டான்களுக்கு நடுவில் உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன, தூத்துக்குடிக்காரரு! சைரன் பெட்டி எப்படி இருக்கு?" என்றார். பெட்டி அவருக்கு நினைவிருந்தது. எனக்கு அப்படியே உயிர் வந்தது. ஐசியை எடுத்து நீட்டினேன்.

வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உரசிட்டீரா? எனக்குத் தெரியக்கூடாதுன்னா? வித்ததே நான்தானவே!"

"உங்களுக்கு இல்ல அண்ணாச்சி. மத்தவங்களுக்கு."

"எந்த மத்தவன்? அந்த ஆம்ப்ளிஃபயர்காரனா? அவன் நாலே நாலு டிரான்சிஸ்டரை வச்சுக்கிட்டு இருபது வருசம் ஓட்டுனவன். அவன் உம்ம பெட்டியக் காப்பியடிச்சு எவன் வாயில காத்து ஊதப் போறான்?" சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய சரக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "அத்தனையும் பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டாச்சு. ஐசி, கெப்பாசிட்டர், எல்லாம் ஒரே சாக்குல. பிரிக்கவும் மனசில்ல" என்றார். பிறகு கண்ணை மூடி யோசித்து, அந்தக் காலத்தில் எட்டுக்காலில் நான் கேட்ட வேலைக்குத் தன்னிடம் இருந்தது இரண்டே வகைதான் என்றார். இரண்டின் எண்ணையும் சொன்னார். என் கைபேசியில் இரண்டையும் அடித்து, அங்கேயே நின்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை வந்து சேரும் என்று காட்டியது. திருநெல்வேலி கடைக்குப் போன் செய்தேன். அந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை, வைப்பதில்லை என்றார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் மாப்பிள்ளையைப் பிடித்தேன். வியாழன்வரை பொறுக்கச் சொன்னேன்.

"வியாழக்கிழமை தண்ணி தெளிவா இருக்கும்னு உம்ம ஆன்லைன்ல போட்டிருக்கா?"

"இல்ல மாப்பிள."

"அப்போ திங்கக்கிழமை போறோம். எல்லாரும் பொழைக்கணும்லா."

தங்கை பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்து, "அண்ணே, பெட்டி இல்லன்னா நீ போ" என்றாள்.

போனேன். திங்கட்கிழமை விடியலில் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாந்தி வந்தது, எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். குழாயை மூன்று முறை சுண்டி இழுத்தால் மேலே வர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் முங்கில் மாப்பிள்ளையும் இன்னொருவரும் இறங்கினார்கள். முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்குள் அது ஒரு கோடு கீழே சாய்ந்தது. இழுத்துவிட்டேன். அவர்கள் மேலே வந்த பிறகு பார்த்தால், படகு அலையில் ஆடியதில் முள் ஆடியிருக்கிறது. மாப்பிள்ளை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏசினார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. இந்த முறை இன்னொருவரும் சேர்ந்து ஏசினார். டிரைவர், "அண்ணாச்சி, முள்ளை இப்படி முறைச்சுப் பாத்தா அது பயந்து ஆடத்தான் செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை முள் இறங்கியபோது நான் இழுக்கவில்லை. கை குழாயில்தான் இருந்தது. இன்னும் ஒரு கோடு இறங்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி சிரிப்பார்களே என்று நினைத்தேன். ஐந்தோ ஆறோ எண்ணியிருப்பேன். ரப்பர் தீயும் வாடை வந்தது. அதற்குப் பிறகுதான் இழுத்தேன், கத்தினேன், டிரைவர் ஓடி வந்தார். பெல்ட் பாதி அறுந்து நூலாகத் தொங்கியது.

இருவரும் மேலே வந்துவிட்டார்கள். இன்னொருவர் இருமிக்கொண்டே ஏறினார். மாப்பிள்ளை படகுக்குள் ஏறி உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை என்னையே பார்த்தார். அவர் ஏசவில்லை.

"ஏன் மச்சான் லேட்டு? கீழ காத்து மெலிஞ்சுட்டுன்னு எனக்கு முன்னயே தெரிஞ்சுது. நீரு இழுப்பீரு இழுப்பீருன்னு பாத்தேன்."

பெட்டியாக இருந்திருந்தால் அந்த ஐந்தாறு எண்ணிக்கை தாமதித்திருக்காது. அதற்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சிரிப்பீங்கன்னு பாத்தேன்" என்றேன்.

டிரைவர் புது பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

"நான் ஏசத்தான் செய்வேன். அது என் வாய். நீரு சும்மா சும்மா இழுத்தாலும் பரவாயில்ல, இழும். சங்கு குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போவுது. வெக்கம் பாக்காதேயும். கேட்டீரா?"

கேட்டேன் என்று தலையாட்டினேன். குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

அன்று மதியத்துக்குள் இன்னும் நான்கு முறை இழுத்தேன். நான்கு முறையும் ஏசினார்.