யாரும் கூட வரக் கூடாத பந்தயம்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மலை மேல் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு சோதனைச் சாவடியில் என் சைக்கிளை ஓரங்கட்டச் சொன்னார்கள்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் போடுகிற வேலை. உட்கார்ந்தே உடம்பு பெருத்துப் போனதால் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதென்றால் எனக்கு எரிச்சல், அதனால் சைக்கிள் வாங்கினேன். முதலில் அடிவாரத்து முந்தல் வரை போனேன். பிறகு மலையேறிப் பார்த்தேன். பிறகு தேனி சைக்கிள்காரர்களோடு சேர்ந்து, விடிய விடிய மிதிக்கிற தூரங்களும் பழகிவிட்டன.

அப்போதுதான் அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மேற்குக் கடலோரத்தில் கிளம்பி, மலைகளைத் தாண்டி, கிழக்குக் கடலில் போய் முடியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வேண்டியதையெல்லாம் நாமே சுமக்க வேண்டும். சொந்தக்காரர், சிநேகிதர் என்று ஒருவரும் பின்தொடரக் கூடாது. தெரிந்தவர் வழியில் நின்று தண்ணீர் நீட்டினாலும் வாங்கக் கூடாது.

அதன் மேல் எனக்கு வந்த ஆசையை எப்படிச் சொல்வது! பில் போடும்போது கண் முன்னால் ரோடு ஓடும். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. 'சாப்பாடு ஆச்சா, சாவி எங்க' என்று யாரும் கேட்காத ஒரு ரோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் காயெடுக்கும் பெண்களை மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். தங்கமான மனிதர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. "போ, வேணாம்னு சொல்லல. நான் ஜீப்ப எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றார். விதி அப்படி இல்லை என்று விளக்கினேன். "அப்ப அது கிறுக்குப் பயலுக பந்தயம்" என்று முடித்துவிட்டார். பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் தினம் போனில் பந்தயத்தின் இணையப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பெயர் கொடுக்க அவர் சம்மதம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் அவர் வாசலில் முகம் வாடி நிற்பதைப் பார்த்துவிட்டு என்னால் மிதிக்க முடியாது.

சாமான்களைச் சுமந்தபடி மலையேற முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சைக்கிளில் மாட்டும் பைகளை விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை. எங்கள் கடையில் காய் ஈரம் கோத்துவிடாமல் இருக்க, மூட்டைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறை போடுவோம். பழைய உறைகளைத் தையல்காரரிடம் கொடுத்து, ஜிப் வைத்துப் பைகளாகத் தைத்து வாங்கினேன். சொட்டுத் தண்ணீர் இறங்காது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறை வரை போய்த் திரும்பினேன். வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. மேடுதானே என்று மூச்சு முட்ட மிதித்தேன். திரும்பும்போதுதான் சாவடியில் நிறுத்தினார்கள். புதிதாக வந்திருந்த வெளியூர் அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா, ஏலக்காய் கடத்துறீங்களா?"

போடிக்காரிக்கு ஏலக்காய் வாசனை எங்கே தெரியப்போகிறது? ஊரே அந்த வாசனைதான். அந்தப் பைகள் ஊரைக் கூட்டுகிற மாதிரி மணக்கின்றன என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துச் சாலையோரம் பரப்பச் சொன்னார். விளக்கு, மழைச்சட்டை, ட்யூப், பஞ்சர் சாமான் எல்லாம் நான் வைத்தவை. அதற்குக் கீழே நான் வைக்காதவையும் வந்தன. ஜீப்பைக் கட்டி இழுக்கிற கயிறு, பெரிய ஸ்பேனர், கொசுவர்த்தி, தைலம், இன்னொரு டார்ச், முந்தல் கோயில் திருநீறு. காலையில் என் கணவர் சவாரிக்குக் கிளம்பும் முன் திணித்திருக்கிறார். கூட வர முடியாத மனிதர், தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பைக்குள் வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய ஜீப்பே வந்து வரிசையில் நின்றது. பெண்கள் இறங்கி, நான் பரப்பியிருந்த கடையைச் சுற்றிக்கொண்டார்கள். "மதினி, இதுல ஒரு குடித்தனமே நடத்தலாம் போலயே!" என்று ஒரே சிரிப்பு. அதிகாரிக்கும் சிரிப்பு வந்து, போகச் சொல்லிவிட்டார். என் கணவர் மட்டும் கயிற்றைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அவர்களில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, என் கணவரைக் கண்ணால் காட்டிக் கேட்டார். "தம்பி பின்னாலயே வருவாராக்கும்?"

"இல்லக்கா. இதெல்லாம் ஒரு சைக்கிள் பந்தயத்துக்கு. தனியாத்தான் போகணும். யாரும் கூட வரக் கூடாதுன்னு அதுல ரூல்சு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "யாரும் கூட வரக் கூடாதுன்னு ஒரு ரூல்சே இருக்காத்தா!" என்றார். அப்படி ஓர் ஏக்கத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "எம்புட்டு வருசமா இந்த மலைல ஏறி எறங்குறேன். முன்னால இருக்கவ முதுகத்தேன் பாத்திருக்கேன். அந்தப் பெரிய வளைவுல ஒரு நா எறங்கி நிக்கணும். யாரு நிறுத்துவா?" என்றார். யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது. ஆனால் வண்டி ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் முன்னால் இறங்கினேன். பல வளைவுகள் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, மேலே அந்தப் பெரிய வளைவில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் தடுப்புச் சுவரோரம் நின்று கீழே போடியையும் கண்மாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் கூட்டத்தை விட்டு விலகித் தனியாக நின்றார். யாரென்று முகம் பார்க்காமலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கயிற்றையும் ஸ்பேனரையும் பையிலிருந்து எடுத்துவிட்டார். திருநீற்றை மட்டும் பையில் வைத்தார். "இது கூட வரலாம்ல?" என்றார். மறுநாளே நான் பெயர் கொடுத்தேன்.

பந்தயத்தைக் கடைசி ஆட்களில் ஒருத்தியாக முடித்தேன். எத்தனையாவதாக வந்தாய் என்று ஊரே கேட்டது. அந்த அம்மா மட்டும், "தனியா இருந்தப்ப என்னாத்தா நெனச்ச?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். பாதி வழி வரை வீட்டு நினைப்புதான், அதற்கப்புறம் ஒன்றுமே நினைக்கவில்லை என்றேன். "ஒண்ணுமே நெனக்காமயா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அவர் இன்னும் அதே ஜீப்பில்தான் மலைக்குப் போய்வருகிறார். என் கணவரும் அவ்வப்போது அந்த வளைவில் வண்டியை நிறுத்துகிறார். அந்த அம்மாவுக்கும் எனக்கும் இருந்தது ஒரே ஆசைதான். எனக்கு இரண்டு கடலுக்கு நடுவில் உள்ள ரோடு முழுக்கக் கிடைத்தது, அவருக்கு ஒரு வளைவில் கொஞ்ச நேரம் கிடைத்தது என்பதை நினைத்தால், ஒவ்வொரு முறை அந்த இடத்தைத் தாண்டும்போதும் என் கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடுகிறது.