மூன்று வீடு, ஒரே பெட்டி

காயல்பட்டினத்தில் முத்து பீவியிடம் பணம் கேட்டுப் போகிறவர்கள் வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். வாய் அப்படி. "குடுக்குறது கையால, திருப்பி வாங்க நடக்குறது காலால. எங் காலுக்கு மூட்டுவலி. அதனால எல்லாத்தையும் இப்பமே பேசிருவோம்" என்பார்.

இத்தனைக்கும் அந்தப் பணம் அவருடையது அல்ல. தெருப் பெண்கள் இருபது பேருக்கும் மேல் சேர்ந்து போடுகிற பணம். சவூதியிலும் துபாயிலும் இருந்து வருவதில் மிச்சம் பிடித்தது, பக்கத்து வீட்டு ஜஹ்ராவைப் போல நைட்டி தைத்துச் சேர்த்தது. சரக்கு எடுக்கப் பணம் வேண்டியவருக்காக முத்து பீவி வாட்ஸப் குழுவில் கேட்பார். விருப்பப்பட்ட பெண்கள் ஆளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று நேராக வேண்டியவர் கணக்குக்கே அனுப்புவார்கள். வட்டி ஹராம்; அதனால் லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு. ஒரே ஆளிடம் எல்லோருடைய பணமும் போய்க் குவிந்துவிடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது முத்து பீவியின் பொறுப்பு. அதற்கு அவர் ஒரு பைசா கூலி வாங்கியதில்லை. நம்பி ஒப்படைத்த அமானிதத்துக்குக் கூலி என்ன கூலி!

தொடக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, ஒரே கடையில் போட்டு, இரண்டையும் மூழ்கடித்தார்கள். அன்றைக்கு முத்து பீவி ஆளை எண்ணுவதை விட்டார். இனிமேல் வீட்டுக்கு இரண்டு லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒரே அடுப்பில் உலை வைக்கிறவர்கள் ஒரே கணக்கு. நல்ல சட்டம்தான். வேறு ஊராக இருந்தால் செல்லுபடியாகியிருக்கும்.

காயலில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணுக்கு உரியது. நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்றவள் நால்வரையும் நான்கு தெருவுக்கு அனுப்பிவைப்பாள்; வியாபாரம் மட்டும் ஒன்றாகவே இருக்கும். முத்து பீவியின் மகள் ரிஃப்காவைக் கட்டிய நௌஃபலும் அப்படி வந்தவர்தான். மருமகனுக்கு மீன் பொரித்து வைப்பார், முட்டை வைப்பார். ஆனால் எதிரே நின்று பேசுவது அபூர்வம். சொல்ல வேண்டியதை மகள் மூலம் சொல்லிவிடுவார்.

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நௌஃபலின் தம்பிமார் தமீமும் சேக்கும் சாப்பிட வந்தார்கள். முத்து பீவி அடுப்படியில் நின்றார். முன்னறையில் தமீம் அண்ணனிடம் சொல்வது கேட்டது.

"கண்டெய்னர் பெட்டி ஹார்பர்லயே கெடக்கு காக்கா. பேப்பர்ல ஒரு எடை, பெட்டியில ஒரு எடையாம். ஹார்பர்க்காரன் நாள் வாடகைய ஏத்திக்கிட்டே போறான்."

"நம்ம மூணு பேரு பணமும் அதுக்குள்ளதான கெடக்கு" என்றார் சேக்.

முத்து பீவியின் கையிலிருந்த அகப்பை நின்றது. பேரீச்சம்பழத்துக்கென்று நௌஃபல் இரண்டு லட்சம் வாங்கியிருந்தார். கடைச் சரக்குக்கென்று தமீம் இரண்டு. நோன்பு வியாபாரத்துக்கென்று சேக் இரண்டு. மூன்று தெரு, மூன்று வீடு. முத்து பீவியே சரி பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பியது. மூன்றும் ஒரே கண்டெய்னருக்குள் போய், தூத்துக்குடித் துறைமுகத்தில் வெயிலில் கிடந்தது.

அட மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் வாய்!

தம்பிமார் போனபிறகு ரிஃப்கா வந்து மெதுவாக ஆரம்பித்தாள். "உம்மா, அவங்க உம்மா வீட்டுப் பேருக்கு ரெண்டு லட்சம் கேக்காங்க. வாடகையக் கட்டிட்டா பெட்டி வெளிய வந்துருமாம். அது வேற வீடுதானே, உங்க சட்டத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

முத்து பீவி அடுப்பை அணைத்தார். முக்காட்டை இழுத்துவிட்டு நேரே முன்னறைக்குப் போனார். நௌஃபல் திடுக்கிட்டு எழுந்தார்.

"மாப்பிள்ள, மூணு பணமும் ஒரே பெட்டின்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்க ஒண்ணும் மறைக்கல மாமி. எந்த வீடுன்னு கேட்டிய, சொன்னோம். எந்தப் பெட்டின்னு நீங்க கேக்கலையே."

அது உண்மை. அதுதான் முத்து பீவிக்குச் சுருக்கென்று தைத்தது.

"கேக்காதது என் தப்பு. அதுக்காக நாலாவதையும் அந்தப் பெட்டிக்குள்ள போடச் சொல்லுதியளா? முடியாது. பாதிச் சரக்க இப்பமே வித்து வாடகையக் கட்டுங்க. மிச்சத்த நோன்புல வித்துப் பொம்பளைங்க பணத்தக் குடுங்க."

"இப்ப வித்தா பாதி வெல கூடக் கெடைக்காது! நோன்பு நெருங்கட்டும், வெல எங்கனயோ போயிரும்."

"எங்கனயும் போகட்டும். ஜஹ்ரா தச்ச காசு அதோட போகக் கூடாது."

நௌஃபலின் முகம் சிவந்தது. "மருமகன்னு ஒரு மரியாதை இல்லியா? இந்த வீட்டுல எனக்கு இனி என்ன இருக்கு? நான் எங்க உம்மா வீட்டுக்குப் போறேன்." சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

காயலில் மாப்பிள்ளை வீட்டை விட்டு இறங்குவது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலைக்குள் கடைத்தெரு வரை தெரிந்துவிடும். ரிஃப்கா அழுதாள். "இருபது பேரு பணத்துக்காக எம் புருஷன வெளிய அனுப்பிட்டியளே உம்மா!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.  ஆனாலும் முத்து பீவி போனை எடுத்து, குழுவில் தன் குரலிலேயே சொன்னார்: ஆறு லட்சமும் ஒரே சரக்கில் மாட்டியிருக்கிறது, வீட்டை எண்ணினேன், வியாபாரத்தை எண்ணாமல் விட்டேன், அதில் ஒருவர் என் வீட்டில் சாப்பிடுகிறவர்.

வசவு வந்தது. வராமல் இருக்குமா? நைட்டி தைக்கிற ஜஹ்ரா மட்டும், "லாத்தா, ரெண்டு வருசம் மெஷின் மிதிச்ச காசு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மற்ற எல்லா வசவையும்விட அதுதான் முத்து பீவியைப் பஸ் ஏற்றியது.

தூத்துக்குடியில் பேரீச்சம்பழ மொத்த வியாபாரி ஆறுமுகநயினார் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"என்னம்மா நீங்க, நோம்பு வாரதுக்குள்ள யாராவது விப்பாவளா? பாதி வெலதான் தாரேன்."

"பாதி வெல ஒங்க மச்சானுக்குக் குடுங்க அண்ணாச்சி. எனக்கு முக்கா வெல. வாடகைப் பணம் இன்னிக்கே ஹார்பர்ல கட்டணும்."

பேரம் மத்தியானம் வரை இழுத்தது. முத்து பீவி இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போனார், இரண்டு தடவையும் அண்ணாச்சியே கூப்பிட்டார். கடைசியில் முக்காலுக்குச் சற்றுக் கீழே படிந்தது. தமீமையும் சேக்கையும் போனில் பிடித்து, "ஒங்க அண்ணன் சம்மதிக்கலேன்னா நீங்க ரெண்டு பேரும் வித்துக் குடுங்க. ஒங்க பெட்டிதான அது?" என்று ஒரு பிடி பிடித்தார்.  "சரி மாமி" என்றார் தமீம்.

பெட்டி வெளியே வந்தது. நோன்பில் மிச்சச் சரக்கு நல்ல விலைக்குப் போனது. தமீமும் சேக்கும் முழுதாகத் திருப்பினார்கள். லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, முதல் வந்தது. நௌஃபலிடமிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. ஆள் வரவில்லை. முப்பது நோன்பும் ரிஃப்கா தனியாகத்தான் நோன்பு திறந்தாள். உம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜஹ்ரா தையல் மெஷினுக்கு எண்ணெய் கேட்கிற சாக்கில் அடிக்கடி வந்து, பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ரிஃப்காவோடு உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

பெருநாள் கழிந்து, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நௌஃபல் பையோடு வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார்.

"மாமி, மிச்ச நாப்பதாயிரம் அடுத்த சரக்குக்கு வச்சிருக்கேன். அது வித்ததும் தாரேன்."

முத்து பீவிக்கு அந்த நொடியில் நாற்பதாயிரம் பெரிதாகத் தெரியவில்லை. மகளுடைய வாழ்க்கை வாசலில் வந்து நிற்கிறது. போகட்டும், தானே போட்டுக் கொடுத்துவிடலாம். "உள்ள வாங்க மாப்பிள்ள" என்று சொல்ல வாயெடுத்தார்.

ரிஃப்கா வந்து நிலையில் கையை வைத்து நின்றாள். இரண்டு மாதமாக இந்த முகத்துக்காக ஏங்கியவள்; கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அதுல இருபதாயிரம் ஜஹ்ரா லாத்தாவோட காசு. போன எடுத்து நாப்பதையும் இங்கனயே நின்னு அனுப்புங்க. அப்புறம் உள்ள வாங்க."

நௌஃபல் மாமியைப் பார்த்தார். மாமி மகளைப் பார்த்தார். ஊரையே வாயால் கட்டி ஆண்ட முத்து பீவி, எடுத்த வாயை மூடிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நௌஃபல் பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.