மணி யார் பக்கம்

நம் நாயகிக்கு வயது பன்னிரண்டு. இரட்டையரில் மூத்தவள். தம்பியை முந்திக்கொண்டு பிறந்தாள். அந்த முந்திரிக்கொட்டைத்தனம் அன்றோடு சரி. அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இரண்டு பிள்ளைகளும் இப்படிப் படிப்பில் சுட்டியாக அமைந்தது எப்படி என்று அவர் இன்னும் கண்டுபிடித்தபாடில்லை.

மதிப்பெண்ணில் இருவருக்கும் மயிரிழைதான் வித்தியாசம். தன்னம்பிக்கையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தப்பான விடையைக்கூடத் தம்பி கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல் சொல்வான். அக்கா சரியான விடைக்கும் “நினைக்கிறேன் சார்” என்று ஒரு வால் ஒட்டுவாள்.

பள்ளிகளுக்கிடையே கணக்கு வினாடி வினா வந்தது. கணக்கு வாத்தியார் இருவரையும் ஒரே அணியில் போட்டார். அழைப்பு மணியைத் தம்பி முன்னால் வைத்தார். “இவன் குரல் எடுப்பா இருக்கும். நீ காதுல சொல்லும்மா, போதும்.” உழைப்புப் பங்கீடு என்பது இதுதான்.

அரையிறுதியில் கடைசிக்கு முந்தைய கேள்வி: வளையமாகக் கட்டிய கயிற்றைப் பத்துத் துண்டாக்க எத்தனை வெட்டு?

“பத்து... நினைக்கிறேன்,” என்று காதில் சொன்னாள்.

நினைப்பதையெல்லாம் நம்பினால் நாடு என்னாவது? தம்பி அதைத் தன் பெருந்தன்மையால் திருத்தி, மணியடித்து முழங்கினான்: “ஒன்பது!”

தப்பு. எதிரணி “பத்து” என்று சொல்லிச் சமமாக வந்துவிட்டது. மிச்சம் ஒரே கேள்வி.

“அவளே சந்தேகமா சொன்னா சார், நான் என்ன பண்ண?” என்றான் தம்பி. வாத்தியாரும் அவளைத்தான் முறைத்தார்.

அவள் மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

“ஏய், அது என்னோடது.”

“மேல பேரு எழுதியிருக்கா?”

கேள்வி வந்தது: ஐம்பது பேர் போட்டியில் தோற்றவர் வெளியேறுவார்; ஒருவர் மிஞ்ச எத்தனை ஆட்டம்? தம்பி இருபத்தைந்து, பன்னிரண்டு என்று விரல் மடக்கிக்கொண்டிருக்கையில் மணி ஒலித்தது.

“நாற்பத்தொன்பது. ஒவ்வொரு ஆட்டமும் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பும். நாற்பத்தொன்பது பேர் போகணும்.”

அணி இறுதிப் போட்டிக்குப் போனது.

பேருந்தில் தம்பி, அவமானம் என்ற ஒன்றை அறியாத மாவீரன், அப்பாவுக்குப் போன் போட்டான். “ஜெயிச்சிட்டோம்பா. கடைசியில ஒரு யுக்தி பண்ணி மணியை அக்கா பக்கம் தள்ளிட்டேன்.”

அவள் போனை வாங்கினாள். “இவன் தள்ளலப்பா. நான் இழுத்தேன். இறுதிப் போட்டியிலயும் மணி எங்கிட்டதான்.”

“அவன் என்ன செய்வான்?” என்றார் அப்பா.

“காதுல சொல்லட்டும்.”