மனைவியை இரண்டாவது திட்டத்தில் போட்டவன்

ஆபிரிக்காவில் ஒரு நாடு. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் திட்டமிடல் அமைச்சில் நான் எட்டு வருடம் வேலை பார்த்தேன். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், பாவம். என்னை வேலைக்கு வைத்ததைத் தவிர அது ஒரு பிழையும் செய்யவில்லை.

எங்கள் அமைச்சில் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பள்ளிக்கூடம் வேண்டும், கிணறு வேண்டும் என்று யார் வந்தாலும் தேநீர் கொடுத்து, 'அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் போட்டாயிற்று' என்போம். வந்தவரும் சிரித்த முகத்தோடு போவார். ஒரு ஆற்றுப் பாலத்தை இரண்டாவது திட்டத்திலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளியவன் நானேதான். பிறகு அந்த இடத்தைப் பார்வையிடப் போனால், ஊர்ச்சனம் மரக்குற்றிகளை அடுக்கித் தாங்களே பாலம் போட்டிருந்தார்கள். என் ஜீப்பையும் அதன்மேல் ஏற்றித்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வந்து 'மக்கள் ஒத்துழைப்புத் திருப்திகரம்' என்று அறிக்கை எழுதினேன். வெட்கம் கெட்ட வேலைதான்.

எண்பதுகளின் நடுவில் மனைவி, பிள்ளையோடு சிட்னிக்கு வந்து டூங்கபி என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். வந்த கையோடு குடும்பத்துக்கு ஒரு ஐந்தாண்டுத் திட்டம் எழுதி, குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதல் இலக்கு, எனக்குப் படிப்புக்கேற்ற உத்தியோகம். அடுத்தது, எனக்குக் கார் லைசென்ஸ். ஆபிரிக்காவில் அமைச்சின் சாரதி இருந்ததால் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

மனைவி முழுவதையும் வாசித்துவிட்டு, "நானும் கார் பழகட்டே?" என்று கேட்டாள்.

"ஓம், ஏன் பழகாமல்? உம்மை இரண்டாவது திட்டத்திலை போட்டிருக்கிறன்."

அவள் போய்த் தேத்தண்ணீர் போட்டாள். அமைச்சின் வழக்கம் இங்கும் வேலை செய்கிறதே என்று எனக்குப் பெருமை.

உத்தியோகம் லேசில் வரவில்லை. தொழிற்சாலையொன்றில் பிஸ்கட் பெட்டி அடுக்கிக்கொண்டு விண்ணப்பங்கள் எழுதினேன். லைசென்ஸ் சோதனையில் மூன்று முறை தோற்றேன். முதல் முறை சோதகர் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அதைவிட இடப்பக்கம் ஏன் உகந்தது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பச்சை விளக்கு இரண்டு தரம் வந்துபோனது. அடுத்த முறை பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது யாரோ வீட்டுக் குப்பைத்தொட்டியும் கூடவே வந்தது. மூன்றாம் முறை ஏன் தோற்றேன் என்று தெரியாது. சோதகர் பாதிவழியில் இறங்கி நடந்துபோய்விட்டார்.

அந்த நாட்களில் மனைவிக்குப் பக்தி கூடியது. சனிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டு மலேசிய அன்ரியின் காரில், ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்வந்தாள். 'ஆன்மீகத் துறையில் நல்ல முன்னேற்றம்' என்று திட்டத்தின் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

ஒருவழியாக, தூரத்து நகரசபை ஒன்றில் திட்டமிடல் உதவியாளர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை தொடக்கம் தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அந்தப் பக்கம் ரயில் இல்லை. முதல் பஸ் ஏழரைக்கு. டாக்சி பிடித்தால் சம்பளம் முழுக்க அதற்கே சரி. வெள்ளிக்கிழமை நாலாம் முறையும் சோதனைக்குப் போனேன், தோற்றேன். ஒன்றரை வருடம் தவம் கிடந்து வாங்கிய வேலை கையை விட்டுப் போகப்போகிறது. குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். பகிடிக்கு எழுதவில்லை, உண்மையாகவே அழுதேன்.

"இஞ்சருங்கோ, மூக்கைத் துடையுங்கோ. நான் கொண்டுபோய் விடுறன்" என்றாள் மனைவி.

"எதிலை? தோளிலையோ?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை மேசையில் வைத்தாள். அவள் பெயர் போட்ட லைசென்ஸ். எடுத்து மூன்று மாதம்.

"கோயிலுக்குப் போகேக்கையும் நான்தான் கார் ஓடினனான், வரேக்கையும் நான்தான். அன்ரி பக்கத்திலை இருந்து தேவாரம் படிச்சவ. பத்து மணி வரைக்கும் கார் சும்மாதான் நிக்குது, கொண்டுபோ எண்டு சொல்லிப்போட்டா."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"

"கேட்டனான்தானே? நீங்கள் இரண்டாவது திட்டத்திலை போட்டியள். அதுவரைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் பஸ்ஸுக்கு நிக்கிறதே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, வெட்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. இரண்டையும் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை விடிய அவளுக்குப் பக்கத்து சீற்றில் ஏறினேன்.

"மெதுவாப் போம். அந்த லொறியைப் பாரும்."

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நான் ரோட்டைப் பாக்கோணும்."

மூடிக்கொண்டேன். நகரசபை வாசலில் இறங்கி மணிக்கூட்டைப் பார்த்தபோது ஏழுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் ஒரு காரியம் குறித்த நேரத்துக்கு முந்தி நடந்து முடிந்தது அதுதான் முதல் தடவை. அதில் என் பங்கு, வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டும்.