பவழக் குடிலில் ஃபாஸ்டோ அண்ணன்

ஃபாஸ்டோ டும்லாவ் அண்ணனுக்கு நான் நானூறு டாலர் கடன்பட்டிருந்தேன். வாங்கியது 1959இல். லாஸ் ஏஞ்சல்ஸில் ஹவாய்த் தீவு வேஷம் போட்ட பவழக் குடில் என்ற மதுக்கூடத்தில் அவர் கலவை போடுகிறவர், நான் கோப்பை கழுவுகிறவன். அந்தப் பணத்தில்தான் என் முதல் பழைய லாரியை வாங்கினேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத நான் 1984இல் பதினோரு லாரிக்கு முதலாளி. என்னை யாரும் தூக்கிவிடவில்லை என்று எங்கள் பிலிப்பினோ சங்கத்தில் மேடை போட்டுச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் அந்த நானூறு நினைவுக்கு வரும். முதலில் கையில் காசில்லை. காசு வந்தபோது போய் நிற்க முகமில்லை.

சனிக்கிழமை குடிலை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வியாழக்கிழமை மாலை போனேன். அதன் பிறகு அவரை எங்கே தேடுவது? அந்தத் தெருவைக் காரில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

வாசலில் நின்ற மரச்சாமிக்கு மூக்கு இல்லை. உப்பிய பேத்தை மீன் தோலில் செய்த விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. தீவில் மழை பெய்கிற மாதிரி தகரக் கூரையில் தண்ணீர் விடும் குழாய் ஒன்று உண்டு. அது இப்போது ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழைக்காகவே வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்ற காலம் எனக்குத் தெரியும்.

அண்ணன் பத்தொன்பது வயதில் பிலிப்பைன்ஸின் இலோகோஸிலிருந்து கப்பலேறியவர். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் வயலில் அஸ்பாரகஸ் தண்டு வெட்டி இடுப்பு போய், அதன் பிறகு இந்த மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் நின்றவர். பூப்போட்ட சட்டையைப் பார்த்து அவரை ஹவாய்க்காரர் என்பார்கள். அவர் மறுத்ததில்லை. அங்கே சீசாக்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நாலாம் நம்பரில் என்ன கலந்திருக்கிறது என்று முதலாளிக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். எதிர்க்கடைக்காரன் ஒரு கார் தருகிறேன் என்றபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

"வாய்யா லாரி முதலாளி," என்றார். "பேப்பர்ல உன் போட்டோ பாத்தேன். தொப்பை மட்டும் அதுல அடங்கல."

நான் உறையை எடுத்து மேடையில் வைத்தேன். அவர் முகம் மாறியது. வாசலைப் பார்த்தார்.

"உள்ள வைடா. உங்க அண்ணி பூரிங் வர்ற நேரம்."

"உங்க பணம்ணே."

"அது சேவச்சண்டையில போச்சுன்னு அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். நீ வாங்கிட்டு ஓடிட்டேன்னு சொல்லியிருந்தா உன் வாசல்ல வந்து நின்னு மானத்த வாங்கியிருப்பா. இருபத்தஞ்சு வருஷமா சூதாடிப்பய நான். சம்பளக் கவர்கூட அவ கைக்குத்தான் போகுது. இப்ப போயி பொய்யின்னா விடுவாளா?"

அவர் திட்டினால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகை பார்த்ததில் இது இல்லை.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே."

"கேக்கற ஆளா நான்? நீயும் குடுக்கற ஆளா இல்ல. ஒரு கோப்பை குடிச்சிட்டுக் கிளம்பு."

நாலாம் நம்பரை ஊற்றினார். கால் என்னைக் கிளம்பச் சொன்னது. உறையைப் பைக்குள் பாதி தள்ளியும்விட்டேன். அதற்குள் கதவு திறந்தது. சோற்று டப்பாவோடு அவர் மனைவி பூரிங்.

"யாரு இது?"

"பழைய கஸ்டமர்," என்றார் அண்ணன், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

நான் எழுந்து நின்றேன். உறையை மறுபடி வெளியே எடுத்தேன்.

"அண்ணி, நான் டோரோ. இங்க கோப்பை கழுவினவன். அந்த நானூறு சேவச்சண்டையில போகல. நான்தான் வாங்கினேன். வாங்கிட்டு ஒளிஞ்சிக்கிட்டேன்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தனை வருஷம் திட்டினது?"

"நல்லாத்தான் திட்டின."

"வட்டியோட நாலாயிரம் இருக்கு அண்ணி," என்று உறையை நீட்டினேன்.

"வட்டியத்தான் இந்த மனுஷன் எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரே. நானூறு மட்டும் எடு."

எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை. அண்ணன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டாள். அந்த ஈரக் கையை மலர்த்திப் பிடித்தாள்.

"இதுல எண்ணு. சத்தமா எண்ணு."

இருபது டாலர் நோட்டுகளாக, ஒவ்வொன்றாக, இருபது நோட்டையும் அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.