மீன் மந்திரிமாரைச் சுவரில கொழுவின கிழமை

1. பெட்டி திறந்த நாள்

எங்கட வேலைக்கு நல்ல பேர் ஒண்டும் இல்லை. ஆரும் கேட்டால் படம் கொழுவுறன் எண்டுதான் சொல்லுவன். கண்காட்சி மண்டபத்துக்கு வாற படம், கண்ணாடிப் பெட்டி, பழைய சாமான் எல்லாத்தையும் பத்திரமா இறக்கி, சுவரில மட்டமா ஏத்தி, எல்லாம் முடிய கழட்டிப் பொதி பண்ணிக் குடுக்கிறது. பார்க்க வாற சனத்துக்கு நாங்கள் அங்க இருந்ததே தெரியக் கூடாது. அதுதான் திறமான வேலை.

புதுசா வாற பிள்ளையள் என்னட்டை முதல் கேக்கிறது, "அன்ரி, நீங்கள் எப்பிடி லீட் ஆனீங்கள்?" எண்டு. லீட் எண்டால் அந்த சைட்டுக்குப் பொறுப்பான ஆள். என்ர கெட்டித்தனத்தால வந்தது எண்டு நினைச்சால் ஏமாந்து போவியள்.

எங்கட முதலாளி டெரெக் ஒரு வெள்ளைக்காரன், அளந்து கதைக்கிற மனிசன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ரொதர்ஹைத்தில தேம்ஸ் கரையோட ஒரு சின்ன மண்டபம் இருக்கு, நோர்வே அமைச்சு ஒண்டைப் பற்றின கண்காட்சி, நீ நோர்வேயில இருந்தனீதானே, பாசையும் தெரியும், நீயே லீட் பண்ணு எண்டார். கதவடிக்குப் போனவர் திரும்பி நிண்டார்.

"இது சரிவந்தால் இனி நீதான் லீட், ராணி. பிழைச்சால் திரும்பவும் பொதி கட்டுற மேசைதான்."

அந்த மேசையில நான் நிண்ட காலம் எனக்கெல்லோ தெரியும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு நாரி விட்டுப் போச்சு. அங்க திரும்பிப் போறதில்லை எண்டு அண்டைக்கே மனசில முடிவு எடுத்திட்டன்.

கண்காட்சி நோர்வேயின்ட மீன்பிடி அமைச்சைப் பற்றினது. லண்டன் சிப்ஸ் கடையில நாங்கள் தின்னுற கொட் மீனுக்குப் பின்னால ஒரு அரசாங்கம் நிக்குது எண்டு காட்டுறதாம். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட மீனுக்கெண்டே ஒரு அமைச்சைத் துவங்கின நாடு அது. பிறகு கரையோர விசயங்களையும் அதோட சேர்த்து, கடைசியில வர்த்தக அமைச்சுக்குள்ள கொண்டுபோய்க் கலந்துவிட்டினம். இந்தக் கதை முழுக்க மந்திரிமாரின்ட படங்களாலதான் சொல்லப்பட்டிருந்தது. முதல் வாறவை எல்லாம் கறுப்பு வெள்ளை, இறுக்கின கழுத்துப்பட்டி, கடலைப் பார்த்துச் சுருங்கின கண். வர வரக் கலர் வருது, சிரிப்பு வருது, பொம்பிளையள் வருகினம்.

என்னோட வேலைக்கு நிண்டது குணா. மலேசியாத் தமிழன், படிக்கவெண்டு வந்து கோலியர்ஸ் வுட்டில வீடு வாங்கிக் குடும்பமாகிப் போனவன். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. நாங்கள் சுவர் நீளத்துக்கு நடுக்கோடு போட்டு, ஒவ்வொரு மந்திரியின்ட கண்ணும் ஒரே உயரத்தில வாற மாதிரி அளந்து ஏத்தினம். ஆத்து வெளிச்சம் யன்னலால வந்து சீலிங்கில ஆடிக்கொண்டிருந்தது. படங்களின்ர கண்ணாடியிலயும் அதே வெளிச்சம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டால், மந்திரிமார் எல்லாரும் தண்ணிக்கு அடியில இருந்து எங்களை எட்டிப் பார்க்கினம் போல இருக்கும்.

2. நீலச் சால்வை

கடைசிப் பெட்டியில ஒரு படத்தின்ட தாளை விரிச்சுப்போட்டு அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். நீலச் சால்வை, கட்டையா வெட்டின தலைமயிர், ஒரு பக்கமாச் சிரிக்கிற வாய். எனக்கு அவவைத் தெரியும்.

நான் வடக்கு நோர்வேயில ஒரு தீவில மீன் பக்டரியில வேலை செய்தனான். மாரிக் குளிர் காலத்தில அங்க சூரியன் எழும்பாது. மத்தியானத்தில கொஞ்ச நேரம் மட்டும் பனி, வீடு, வள்ளம் எல்லாம் நீலமாகும், பிறகு திரும்ப இருட்டு. நித்திரையிலயும் மீன் வெட்டுவன். முழிச்சாலும் கனவுக்குள்ள நடக்கிற மாதிரித்தான் இருக்கும். பக்டரியைப் பூட்டப் போகினம் எண்ட கதை வந்த நேரம், ஒரு நாள் இந்த அம்மா எங்களைப் பார்க்க வந்தவா. மந்திரி எண்டு சொன்னால்தான் தெரியும். எங்களைப் போலவே வெள்ளைக் கோட், தலைக்கு வலை, மஞ்சள் கிளவுஸ். என்ர பக்கத்தில நிண்டு கத்தியை வாங்கி ஒரு கொட் மீனை வெட்டப் பார்த்தா. மீன் பாவம், குதறிப் போட்டா. நான் பயப்படாமல் அவவின்ட மணிக்கட்டைப் பிடிச்சு, முள்ளோட ஒட்டினாப் போலக் கத்தியை விட்டுக் காட்டினன். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. போகேக்க அந்தக் கிளவுஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவா.

பிறகு அவ பதவியை விட்ட நாள் கன்டீன் டிவியில காட்டினவங்கள். அங்க ஒரு வழக்கம் இருக்கு. போற மந்திரி அமைச்சு வாசலில நிண்டு புது மந்திரிக்குத் திறப்பை, அதான் சாவியைக் குடுக்கவேணும், அதோட ஏதும் பரிசும் குடுப்பினம். இந்த அம்மா திறப்போட எங்கட மஞ்சள் கிளவுஸைக் குடுத்தவா. ஒரு மந்திரியின்ட கையில எங்கட கிளவுஸ். கன்டீனில இருந்த தமிழ்ச்சனம் எல்லாம் சாப்பாட்டை விட்டிட்டு எழும்பி நிண்டதுகள். பூட்டுற கதை அவ வந்து போனதோட நிண்டிட்டுது, பக்டரி அதுக்குப் பிறகும் கன காலம் ஓடினது. அதாலதான் என்ர பிள்ளையள் ரெண்டும் அங்க பள்ளிக்கூடம் முடிச்சதுகள்.

லண்டனுக்கு வந்தபிறகு, ஹரோவில ஒரு கலியாண வீட்டில, நோர்வேயில இருந்து வந்த அண்ணை ஒருத்தர், அந்த அம்மா செத்து மோசம் போயிட்டாவாம் எண்டார். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

இதெல்லாத்தையும் குணாவுக்குச் சொன்னன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நிண்டான். பிறகு, "நல்லவங்க அக்கா" எண்டான். அவ்வளவுதான்.

3. மாலை

அடுத்த நாள்தான் திறப்பு விழா, பின்னேரம். காலமை குணா பையைத் திறந்து ஒரு மாலையை எடுத்தான். செவ்வந்தியும் மல்லிகையும், டூட்டிங்கில கட்டுவிச்சது. கொஞ்ச நேரம் போட்டு வைப்பம் அக்கா, டெரெக் வர முதல் எடுத்திடலாம் எண்டு கெஞ்சினான். எங்கட வேலையில ஈரப் பூவைப் படத்துக்குக் கிட்டக் கொண்டு வரவே கூடாது. ஆனால் எனக்கு மறுக்க மனம் வரேல்லை. கண்ணாடியில படாமல் தள்ளி நிக்கிற மாதிரி, சுவரில ரெண்டு கொழுக்கி அடிச்சு நூலில தொங்கவிட்டம். பிறகு கொழுக்கியைக் கழட்டப் படத்தை விலத்தவேணும் எண்டதால, அந்த ஒரு படத்துக்கு மட்டும் அசையாமல் பிடிக்கிற கீழ் ஸ்குரூவைப் போடாமல் விட்டிருந்தம். மல்லிகை வாசம் மண்டபம் முழுக்கப் பரவினது. ஆத்து வெளிச்சம் அந்த முகத்தில ஆடினது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டன்.

கண்ணைத் திறக்கேக்க டெரெக் வாசலில நிக்கிறார். நேரத்தோட வந்திட்டார். அவருக்குப் பக்கத்தில, விழாவுக்குக் கூப்பிட்ட விருந்தாளி போல, ஊன்றுகோலோட ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா. தலை முழுக்க நரை. ஒரு பக்கமாச் சிரிக்கிற வாய்.

அவவேதான், உயிரோட. குணா "முருகா" எண்டு முணுமுணுத்தான்.

அவ மெல்ல மெல்ல வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தா. கறுப்பு வெள்ளை மந்திரிமார் எல்லாரையும் தாண்டித் தன்ர படத்துக்கு முன்னால வந்து நிண்டா. டெரெக்கின்ட முகம் சிவந்து, இது என்ன எண்டு என்னைப் பார்த்தார். பொதி கட்டுற மேசை என்ர கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. அழகுக்குப் போட்டது எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு காலமும் செத்துப்போனா எண்டு நினைச்சு அழுத ஆள் உயிரோட நிக்கேக்க, பொய் எங்கால வரும்?

அவ நோர்வே பாசையில கேட்டா, ஏன் எனக்கு மட்டும் பூ எண்டு.

நானும் அந்தப் பாசையிலயே சொன்னன். "எங்கட வீடுகளில செத்துப் போனவையின்ட படத்துக்குத்தான் மாலை போடுறது. நீங்கள் செத்துப் போனீங்கள் எண்டு நினைச்சிட்டம். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவ மாலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் துவங்கினா.

"எங்கட அமைச்சிலயும் அதே கதைதான். மந்திரிக் கதிரையில இருக்கிற வரைக்கும் சுவரில இடம் இல்லை. போனால்தான் படம்."

ஊன்றுகோலைச் சுவரில சாத்திப்போட்டு, வடிவான பூ, எனக்குப் போட்டு விடுங்கோவன் எண்டு தலையைக் குனிஞ்சா. நான் பதறிப் போனன். படத்துக்குப் போட்டதை உயிரோட இருக்கிற ஆளின்ட கழுத்தில எப்பிடிப் போடுறது! அது ஏலாது எண்டு கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டன். அவவுக்கு விளங்கினது. அப்ப ஆத்தில விடுங்கோ, கடல் பக்கம்தானே போகும் எண்டா. குணா மாலையைக் கழட்டிக்கொண்டு வெளியில ஓடினான். அவன் கழட்டின வேகத்தில நூல் சட்டத்தில மாட்டி, ஸ்குரூ இல்லாத படம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு.

சரிஞ்ச படத்தைக் கண்டால் எனக்குக் கை நிக்காது. நான் மட்டம் பார்க்கிற லெவலைச் சட்டத்துக்கு மேல வைச்சன். அவ நானே நேராக்குறன் எண்டு கையை நீட்டினா. மற்ற ஆள் ஆரும் எண்டால் விட்டிருக்க மாட்டன். அவ தள்ளின தள்ளில லெவலுக்குள்ள இருக்கிற குமிழி மற்றப் பக்கம் ஓடிப்போச்சு. அண்டைக்கு அந்த மீனுக்குச் செய்த அதே அவசரம். யோசிக்காமல் மணிக்கட்டைப் பிடிச்சு, மெல்ல, மெல்ல எண்டு கொண்டுவந்து குமிழியை நடுவில நிப்பாட்டினன். அவ படத்தைப் பார்க்கேல்லை, என்னைப் பார்த்தா.

"தீவு பக்டரி" எண்டா. "நீங்கள்தானே அது."

ஓம் எண்டு தலையாட்டினன். அண்டைக்கு ஐஸ் மாதிரிக் கிடந்த அந்தக் கை இப்ப நல்ல சூடா இருந்தது. விட மனமில்லாமல் பிடிச்சுக்கொண்டே நிண்டன். கண்ணால தண்ணி ஓடினது, துடைக்கவும் இல்லை.

யன்னலுக்கு வெளியில செவ்வந்தி மாலை தேம்ஸில போய்க்கொண்டிருந்தது. நானும் அவவும் டெரெக்கும் அது மறையுமட்டும் பார்த்தம். பிறகு நான் ஸ்குரூவைப் போட்டு இறுக்கினன்.

விழா முடிஞ்சு சாமான் கட்டேக்க டெரெக் வந்தார். வரிசையை ஒருக்கா நடந்து பார்த்தார். நான் லெவலைப் பெட்டிக்குள்ள வைச்சபடி அவரையே பார்த்தன்.

"திங்கக்கிழமை இல்ஃபோர்டில ஒரு சைட். லீட் நீதான்" எண்டார். "பூ மட்டும் வேண்டாம்."

இப்ப என்னோட வேலைக்கு வாற பிள்ளையளுக்கு அளவும் லெவலும் பிறகுதான் காட்டுவன். அதுக்கு முதல் படத்தில இருக்கிற ஆள் உயிரோட இருக்கிறாரோ எண்டு விசாரிச்சிட்டு வரச் சொல்லுவன். இருக்கிறார் எண்டால், திறப்பு விழாவுக்கு முதல் தன்ர படத்தை ஒருக்கா வந்து பார்க்கச் சொல்லி அவரைக் கேக்கச் சொல்லுவன்.